ரிஜெக்ட் பட்டனை எடுத்தவள்

யாரோ பெற்ற பிள்ளையை மடியில் தூங்கவைத்துக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டு, மூன்றாவது பீரியடுக்கு வகுப்புக்கு வந்து நின்றவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். துப்பட்டாவில் குழந்தையின் எச்சில்கூடக் காயவில்லை.

"அல்சூர்ல ஏறுனேன்டி. ஒரு அம்மா நின்னுகினே வந்தாங்கோ. கொஞ்சம் புடிச்சிக்கோம்மான்னு புள்ளைய குடுத்தாங்கோ. அது தூங்கிடுச்சு. அப்புறம் அந்தம்மாவுக்கும் சீட்டு கெடச்சு, அவங்களும் தூங்கிட்டாங்கோ. எப்டி எழுப்புறது, நீயே சொல்லு?"

இறங்க வேண்டிய இடத்தில் 'அம்மா, உங்க பிள்ளையைப் பிடிங்க' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அது அவளால் ஆகாத காரியம்.

அன்றைக்குத்தான் எங்கள் எம்.சி.ஏ. வகுப்பில் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு ஜோடியைப் பிடித்துக்கொண்டார்கள். என் வாய்க்குப் பயந்து என் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. அவளோ பஸ்ஸில் இருந்தாள். மிச்சம் விழுந்த எங்கள் இருவரையும் எச்.ஓ.டி. ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். வந்தவளிடம், "நீயும் நானும்தான் ஜோடியாம். என் தலையெழுத்து" என்றேன்.

"ஆய்த்து" என்றாள், சிரித்துக்கொண்டே.

ஆய்த்து என்றால் கன்னடத்தில் 'சரி'. அவள் வீட்டில் பேசுவது தமிழ்தான். மர்பி டவுனில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற குடும்பம். ஆனாலும் யார் எந்த மொழியில் என்ன கேட்டாலும் அவள் வாயிலிருந்து வருவது இந்த ஒரு வார்த்தைதான். வகுப்பில் அவளுக்குப் பேரே அதுவாகிவிட்டது. கோ-கோ ஆட ஆள் குறைகிறதா? ஆய்த்து. கன்னட ராஜ்யோத்சவ விழாவுக்குக் கோரஸ் பாட ஆள் வேண்டுமா? ஆய்த்து. கல்லூரி விழாவில், கம்ப்யூட்டர் மனிதர்களைப் பிரிக்கிறதா சேர்க்கிறதா என்று ஒரு விவாதப் போட்டி வைத்தார்கள். 'பிரிக்கிறது' கட்சிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஒத்துக்கொண்டாள். 'சேர்க்கிறது' கட்சிக்காரர்களும் வந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் ஒத்துக்கொண்டாள். மேடையில் இந்தப் பக்க மைக்கில் பேசி முடித்துவிட்டு, பின்பக்கமாக ஓடி அந்தப் பக்க மைக்குக்குப் போய், "எனக்கு முன்னால் பேசிய தோழி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்" என்று ஆரம்பித்தாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவள் இருந்த கட்சி ஜெயித்தது. அவள் இருந்த கட்சி தோற்றும் போனது.

இப்படிப்பட்டவளோடு நான் ப்ராஜெக்ட் பண்ண வேண்டும். எனக்கு அது விளையாட்டில்லை. எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று கேம்பஸ் இன்டர்வியூவில் என்னை எடுத்திருந்தது. கடைசி வருடத்தில் எதிலும் ஃபெயில் இருக்கக்கூடாது, ப்ராஜெக்ட் உட்பட, என்பது அவர்கள் போட்ட கண்டிஷன். ஃபெயிலானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சித்தப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான். சித்தப்பா நல்ல மனிதர். கல்லா மேசைக்கு மேலே எனக்காக ஒரு ஃபேனே மாட்டிவைத்துவிட்டார். அந்த ஃபேன் என் கனவில் வந்து சுற்றும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது, கல்லூரிக்குள்ளேயே எல்லோரும் நண்பர்களாகிக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர். இன்டர்நெட் தேவையில்லை. லேபில் இருக்கிற கம்ப்யூட்டர்களில் போட்டுவிட்டால் போதும். உங்கள் பேர், படம், பிடித்த சாப்பாடு எல்லாம் கொடுத்து உள்ளே வரலாம். 'என்னோடு சேர்ந்துகொள்' என்று ஒருவருக்குக் கேட்டு அனுப்பலாம். சேர்ந்தபின் அவர் பக்கத்தில் எதையாவது கிறுக்கலாம். அப்போது எல்லாப் பிரௌசிங் சென்டரிலும் இந்த மாதிரி தளங்களில்தான் பசங்கள் பழியாய்க் கிடந்தார்கள். அதைக் கல்லூரிக்குள் கொண்டுவருவது என் யோசனை. அதற்குப் பேர் வைக்கலாம் என்று அவள் வகுப்பில் எல்லோரையும் கேட்டாள். சொன்ன பேருக்கெல்லாம் ஆய்த்து. கடைசியில் திரையின் உச்சியில் 'நம்ம ஃப்ரெண்ட்ஸ் ஜாலி கேம்பஸ் கூட்டம் டாட் காம்' என்று ஒரு பேர் ரயில் மாதிரி ஓடியது. அது டாட் காமே இல்லை. சொல்லிப் பார்த்தேன். "பாவம்டி, அந்த டாட் காம் சொன்னவன் ஆசையா சொன்னான்" என்றாள்.

திரைகளை எல்லாம் அவள் செய்தாள். பின்னால் ஓடுகிற வேலை என்னுடையது. யார் யாருக்குக் கேட்டு அனுப்பினார்கள், பதில் வந்ததா, எங்கே சேர்த்துவைப்பது, ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் என் தலையில். என் வேலை நன்றாக நடந்தால் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது முழுக்க அவளுடையது. பின்னால் எனக்கு வினையாக வந்தது இதுதான்.

கம்ப்யூட்டர் அவள் வீட்டில்தான் இருந்தது. அசெம்பிள் செய்த மெஷின், பூப்போட்ட துணி போர்த்தி, ஹாலின் நடுவில். ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார்ந்து வேலை செய்ததில்லை. எதிர்வீட்டு அண்ணன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் கேட்டு வருவார். ஆய்த்து. பக்கத்துச் சந்துக்காரர் மகளின் ஜாதகக் கட்டத்தைக் கம்ப்யூட்டரில் போடச் சொல்லி வருவார். பெயிண்டில் கோடு இழுத்துக் கட்டம் போட்டுக் கொடுப்பாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் முழுக்க ஊரார் வீட்டு இட்லி மாவு. ஜன்னலில் யாருடையதோ ஒரு கிளிக்கூண்டு. திருப்பதி போய்விட்டு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டுப் போனார்களாம். அவர்கள் எப்போதோ திரும்பி வந்து, வெவ்வேறு ஊர்களுக்கும் போய் வந்துவிட்டார்கள். கிளி மட்டும் இங்கேயே இருந்தது. அதுவும் 'ஆய்த்து' சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது.

"நீங்களாவது சொல்லக்கூடாதாம்மா?" என்று அவள் அம்மாவிடம் ஒரு நாள் பொரிந்து தள்ளினேன்.

"இன்னா கண்ணு பண்றது? அது பொறக்கும்போதே அப்டி. டாக்டரம்மா அழு அழுன்னு ஒரு தட்டு தட்டுனாங்கோ. ஒடனே அழுதுச்சு" என்றார் அவர், பெருமையாக.

சண்டை வந்தது ரிஜெக்ட் பட்டனில். ஒருவர் 'என்னோடு சேர்ந்துகொள்' என்று அனுப்பினால், பெறுபவருக்கு இரண்டு பட்டன் வைக்கச் சொல்லியிருந்தேன்: ஓகே, ரிஜெக்ட். அவள் செய்துகொண்டு வந்த திரையில் ரிஜெக்ட்டைக் காணோம்.

"எங்கடி?"

"எடுத்துட்டேன். வாசப்படி வரைக்கும் வந்து நிக்கிறாங்கோ. மூஞ்சிக்கு நேரா ரிஜெக்ட்டுன்னு சொல்லுவியா? பொண்ணு பாக்க வந்து புடிக்கலன்னாகூட, ஊருக்கு போயி சொல்லி அனுப்புறோம்னுதானே எழுந்து போறாங்கோ?"

"இது பொண்ணு பாக்கறதாடி? சாஃப்ட்வேர்!"

"உள்ளாற இருக்கறது மனுசங்கதானே."

அவள் வைத்திருந்தது மூன்று பட்டன். முதலாவது 'ஓகே'. இரண்டாவது 'வில் ஸீ', அதாவது பார்க்கலாம். மூன்றாவது 'வில் ஆஸ்க் அட் ஹோம் அண்ட் டெல்'. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பினால் வந்தவர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருவார்தானே, அதனால் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றாள். 'வீட்டில் கேட்டு' என்றால் கேட்க ஒரு வீடு வேண்டுமே? அதனால் பேர் பதியும்போதே ஒவ்வொருவரும் லேபில் இருக்கிற ஒருவரைத் தன் 'வீட்டு ஆளாக'க் காட்ட வேண்டும். கேள்வி அவர் திரைக்குப் போகும். 'இவரோடு இவர் பழகலாமா?' அவருக்கும் அதே மூன்று பட்டன். இது போதாதென்று, வாசலில் ஆள் வந்தால் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்க வேண்டுமே என்று, தன் அம்மாவின் குரலை மைக்கில் பிடித்துப் போட்டிருந்தாள். கேள்வி வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'யாரும்மா அது?' என்று கேட்கும்.

யாருக்கும் இல்லை என்று சொல்லாதவள் என்னிடம் மட்டும் சொல்லிவிடுவாளா என்ன? "சரி, ரிஜெக்ட் வை" என்று நான் கத்தியபோது "ஆய்த்து" என்றுதான் சொன்னாள். வைக்கவில்லை. அவள் ஆய்த்துக்களில் அப்படி ஒரு வகையும் உண்டு. நாள் நெருங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்டபடியே பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் சோதித்துப் பார்த்தோம். எண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏன் ஓடாது? அவள் எந்தக் கேள்வி வந்தாலும் 'ஓகே'யைத்தான் அழுத்தினாள். பிறவிக் குணம். நான் அந்த மற்ற இரண்டு பட்டனையும் தொடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். ஆக, அவற்றை உலகத்தில் ஒரு விரலும் அழுத்திப் பார்க்காமலே தேர்வு நாள் வந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் கட்டைமீசைக்காரர். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். லேபில் எங்கள் வகுப்பு முழுக்க ஆளுக்கொரு மெஷினில் உட்கார்ந்து பேர் பதிந்துகொண்டது. எச்.ஓ.டி. தன் வீட்டு ஆளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேப் மேடத்தைப் போட்டார். மேடம் மரியாதைக்கு எச்.ஓ.டி.யைப் போட்டார். எக்ஸாமினர் எச்.ஓ.டி.க்கு 'என்னோடு சேர்ந்துகொள்' என்று அனுப்பினார்.

"யாரும்மா அது?" என்றது ஸ்பீக்கர்.

எச்.ஓ.டி. பட்டன்களைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எக்ஸாமினரும் சிரித்தார். இவ்வளவும் அவளுக்குக் கிடைத்த சிரிப்பு. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். எச்.ஓ.டி. குறும்பாக 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' பட்டனை அழுத்தினார். கேள்வி மேடத்தின் திரைக்குப் போனது. எச்.ஓ.டி. யாரோடு பழகலாம் என்று சொல்ல மேடம் யார்? அவரும் பணிவாக 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று அழுத்தினார். கேள்வி எச்.ஓ.டி.க்கே வந்தது. அவர் மேடத்துக்கு விட்டுக்கொடுத்தார். மேடம் அவருக்கு விட்டுக்கொடுத்தார். பதில் கிடைக்காத பழைய கேள்விகளோ போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, கொஞ்ச நேரத்துக்கொரு முறை மறுபடி மறுபடி வந்தன. நான் எழுதியது அப்படி. இதைப் பார்த்த பசங்களுக்குக் குஷி. ஆளாளுக்கு அனுப்பினார்கள். ஆளாளுக்குப் 'பார்க்கலாம்' என்றார்கள். ஜன்னல்மேல் ஜன்னலாகத் திரைகள் நிரம்பின. ஸ்பீக்கர் இருந்த மெஷின்களில் எல்லாம் அவள் அம்மா, "யாரும்மா அது? யாரும்மா அது? யாரும்மா அது?" என்று லேபே அதிரக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனிது! ஏனிதெல்லா!" என்று காதைப் பொத்திக்கொண்டார் எக்ஸாமினர். எதை மூடினாலும் இரண்டு திறந்தது. எனக்கு வியர்த்து ஊற்றியது. மூலையில் இருந்த மெஷினில்தான் என் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டேன். சட்டென்று எல்லாக் குரலும் நின்றது.

எக்ஸாமினர் கையைக் கீழே இறக்கினார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. என்னையும் என் கையில் தொங்கிய வயரையும் பார்த்தார். "எல்லா ஊரிலும் இதே கதைதான். ஒருத்தி வேலை செய்வாள், இன்னொருத்தி ஒட்டிக்கொண்டு வருவாள்" என்றார் எச்.ஓ.டி.யிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்தத் திரை எல்லாம் நீதானேம்மா செய்தாய்? எல்லாமே நீ ஒருத்திதான் செய்திருக்கிறாய். இந்தப் பெண்ணுக்கு வயர் பிடுங்க மட்டும்தான் தெரியும். சரிதானே?"

"கரெக்ட் சார்" என்று எச்.ஓ.டி. தலையாட்டினார். என் வாய்மேல் அவருக்கு ஏற்கெனவே கோபம்.

எப்போதும் ஆயிரம் பேசுகிற என் வாய், அன்றைக்கென்று பசை போட்டு ஒட்டினாற்போல் நின்றது. உரக்கடை ஃபேன் கண்ணுக்கு முன்னால் சுற்றியது. கேள்வி கேட்கப்பட்டிருப்பது யாரிடம்? பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாதவளிடம். வகுப்பு முழுக்க அவள் வாயையே பார்த்தது. அந்த வாய் 'ஆ' என்று திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்லா சார்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவளேதான்.

"நீ செய்யவில்லையா?" என்றார் எக்ஸாமினர்.

"இல்லா சார்."

"அப்போ இவள் செய்தாளா எல்லாம்?"

"இல்லா சார்."

"என்னம்மா எல்லாத்துக்கும் இல்லை இல்லை என்கிறாய்! சரி, உட்கார்."

"இல்லா சார்." நின்றுகொண்டேயிருந்தாள். துப்பட்டா நுனியைப் பிழிந்துகொண்டே, கன்னடத்தில் படபடவென்று கொட்டினாள். திரை வெறும் சட்டை சார், உள்ளே இருக்கிற உடம்பு இவள் எழுதியது. இவள் அந்த வயரைப் பிடுங்கினதும் எல்லாம் செத்துப்போச்சு பாருங்கள், அப்படியென்றால் உயிர் எங்கே இருந்தது? எங்கே பிடுங்க வேண்டும் என்று இந்த லேபில் வேறு யாருக்காவது தெரிந்ததா? ரிஜெக்ட் பட்டன் வைக்கச் சொல்லி இவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள், நான்தான் எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. நீங்கள் சொன்னது சரியில்லை சார்.

எச்.ஓ.டி. வாயைப் பிளந்தார். எக்ஸாமினர் மீசையைத் தடவிக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். துருவித் துருவிக் கேட்டார். ஒட்டியிருந்த வாய் எனக்குத் திறந்துகொண்டது. பதில் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன், அது என் குணம். கடைசியில், "ரிஜெக்ட் பட்டன் வைத்துக் கொடுங்கள், பாஸ் போடுகிறேன்" என்றார்.

"ஆய்த்து சார்" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் குழாயடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "இனிமேட்டு இதெல்லாம் என்னால ஆவாதுடி" என்றாள்.

"அப்புறம் எப்டிடி சொன்னே?"

"அவரு உன்ன பத்தி கேட்டாரு. என்ன பத்தி கேட்டிருந்தா ஆய்த்துன்னுட்டு வந்திருப்பேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மரியாதை போய்விடுமே என்று, "எல்லாம் உன் பாழாப்போன பட்டனால வந்தது" என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன். அவள், அன்றைக்குக் குழந்தையின் எச்சில் பட்ட அதே துப்பட்டாவை நீட்டினாள்.

ரிஜெக்ட் பட்டனை வைத்தாள். அதை அழுத்தினால் 'பாவம், அவங்க மனசு கஷ்டப்படும். பரவாயில்லையா?' என்று இன்னொரு பெட்டி திறக்கும்படி வைத்தாள். எனக்கு அதைக் காட்டாமலே கொடுத்துவிட்டும் வந்தாள்.

நான் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன். வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று அவளை விட்டுவிட்டேன். சில வருடம் கழித்து, ஊரே ஒரு பெரிய தளத்தில் போய்ச் சேர்ந்தபோது நானும் சேர்ந்து அவளைத் தேடினேன். அதே சிரிப்புப் படம். 'என்னோடு சேர்ந்துகொள்' பட்டனை அழுத்தினேன். இவருக்கு நண்பர்கள் வைத்துக்கொள்ளும் அளவு நிரம்பிவிட்டது, இனி சேர்க்க முடியாது என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? கேட்டவனுக்கெல்லாம் ஓகே கொடுத்திருப்பாள். பட்டியலில் பார்த்தால் டயர் கடை, ஏதோ ஒரு பல் டாக்டர், பிரேசில்காரன் ஒருவன், ஒரு நாய்க்குட்டி. எனக்கு மட்டும் இடமில்லை. பழைய கோபம் ஜிவ்வென்று ஏறியது. 'நாய்க்குட்டிக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையாடி?' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன்.

மறுநாள் அவளிடமிருந்தே எனக்குக் கேள்வி வந்திருந்தது, சேர்ந்துகொள்கிறாயா என்று. சேர்ந்துகொண்டு, நேராக அவளுக்குப் போன் போட்டேன். நம்பரை அங்கேயே உலகத்துக்கே தெரிகிற மாதிரி போட்டுவைத்திருந்தாள்.

"யாரைடி எடுத்தே எனக்காக? அந்த நாயைத்தானே?"

"ஐயோ, நாய எப்டிடி எடுக்கறது? பாவம், அது மனசு கஷ்டப்படாது?"

"அப்புறம் யாரை?"

"எங்க வீட்டுக்காரரத்தான்."

"அடிப்பாவி!"

"அவரு வீட்லயேதான இருக்காரு. சும்மா எடுக்கலடி, கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"ஆய்த்துன்னுட்டாரு."